ஆற்றில் இறங்கித் தூண்டில் போடும்போது சாமான்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் தூண்டில் பிடிக்கிற பலர் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கரையில் ஒரு நாற்காலி, பக்கத்தில் பெட்டி, அவ்வளவுதான். சாமான் தொலைய வழியே இல்லை. காவிரிக்கோ கபினிக்கோ போய் முழங்கால் தண்ணீரில் நின்று பிடிக்க ஆரம்பித்தால் கதை வேறு. வைக்க மேசை கிடையாது, இரண்டு கையும் எப்போதும் வேலையாக இருக்கும், காலடியில் பாசி பிடித்த பாறை. கையை விட்டு நழுவியது ஒரு நொடியில் பத்தடி தள்ளிப் போயிருக்கும்.

என் முதல் வருடத்தில் மூக்குக் குறடு ஒன்று, முள் பெட்டி இரண்டு, ஒரு கண்ணாடி என்று ஆற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எரிச்சலில் சிக்பேட்டையில் நல்ல நைலான் கயிறு வாங்கிவந்து எல்லாவற்றையும் இடுப்புப் பெல்ட்டில் இறுக்கிக் கட்டினேன். அடுத்த ஞாயிறு திருமகூடலு நரசிபுரத்துக்குப் போனோம். கபினி காவிரியில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தேன். மாட்டிய மீனை அள்ளுவதற்காக என் பின்னால் மிதக்கவிட்டிருந்த கைவலையின் கயிறு இரண்டு பாறைக்கு நடுவே போய் இறுகிக்கொண்டது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் நாலு விரல்தான். ஆனாலும் வலைக்குள் புகுந்த தண்ணீர் என் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கிறது; நான் முன்னால் சாய்ந்து நிற்கிறேன்; ஒரு காலைத் தூக்கினால் விழுந்துவிடுவேன். முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது, விரலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்த பரிசல்காரப் பெரியவர் வந்து கத்தியால் அறுத்துவிட்டார். கரையேறியதும் அந்தக் கயிற்றுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த முடிச்சை ஈரக் கையால் அவிழ்க்க முடியுமா என்று வீட்டிலேயே பார்த்தீர்களா சாமி?" என்று கன்னடத்தில் கேட்டார். பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் சாமான் கட்டும் முறையே மாறிப்போனது. இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டே விஷயத்தின் மேல் நிற்கிறது. ஒன்று, கட்டாத சாமான் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இரண்டு, கட்டியிருக்கும் எதுவும் உங்களைப் பிடித்து நிறுத்தக் கூடாது. பலமாக இழுத்தால் கயிறுதான் முதலில் விடவேண்டும். முதலாவதைப் பலரும் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது தெரியாமல் முதலாவதை மட்டும் செய்வது, ஒன்றுமே கட்டாமல் இருப்பதைவிட ஆபத்து.

முதலில் இடமும் நேரமும்

எல்லா இடத்திலும் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமம், மேகெதாட்டு, பீமேஸ்வரி இதெல்லாம் 1987 இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த பகுதி. பீமேஸ்வரி, கலிபோரே பக்கம் ஒரு காலத்தில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மஹசீர் மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். பிற்பாடு அதுவும் நிறுத்தப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ராடை, அதாவது தூண்டில் கம்பை, பிரிக்கவே கூடாது. சரணாலயத்துக்கு வெளியிலும் பல இடங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். ஊருக்குள் விசாரித்து, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். காவிரியின் கூன்முதுகு மஹசீர் 2018 முதல் உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கே மாட்டினாலும் முள்ளைக் கழற்றி உடனே விட்டுவிட வேண்டிய மீன் அது.

நேரம் என்றால் முதலில் மாதம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழையில் பெரும்பகுதி இந்த இரண்டு ஆற்றில்தான் வரும். அப்போது ஆற்றில் கால் வைக்காதீர்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நான் இறங்குவது.

வெயில் காலத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. மேலே கண்ணம்பாடி அணை இருக்கிறது, கபினிக்குத் தனி அணை. எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்துதான் 1902 இல் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது; என் தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சில் வரும் ஊர் அது. மின் நிலையம் இருக்கும் ஆற்றில் மட்டம் ஏறி இறங்குவது சகஜம். அதனால் வந்ததும் முதல் வேலை, கரையோரம் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவைப்பது. கால் மணிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குச்சி ஒரு விரல்கடை நனைந்திருந்தாலோ, தெளிவாக இருந்த தண்ணீரில் சருகும் நுரையும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, கரையேறிவிடுங்கள்.

முதலையும் உண்டு. பறவை பார்க்க ரங்கனதிட்டு போனவர்கள் பாறை மேல் படுத்திருக்கும் சதுப்பு முதலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்துச் சேற்றில் வயிறு தேய்ந்த தடம் இருந்தால் அங்கே இறங்க வேண்டாம். இருட்டும் முன் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்டு வாதாடாமல் இடத்தை மாற்றுங்கள்.

உடம்பில் எதற்கு மேல் எது

உடுக்கும் வரிசை முக்கியம். உடம்போடு ஒட்டி முதலில் உயிர்காப்பு மேலங்கி. அதற்கு மேல்தான் பை, பெல்ட், கழுத்துப் பட்டை எல்லாம். பலர் பையை மாட்டிவிட்டு அதன் மேல் மேலங்கியைப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அவசரத்தில் பையைக் கழற்றும்போது மேலங்கியும் கூட வந்துவிடும். பை வெளியே இருந்தால் ஒரு கொக்கியைத் தட்டி அதை மட்டும் உதறிவிடலாம்.

முதுகுப்பை வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் எது திறந்திருக்கிறது, எது தொங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுக்கு முன்னால் தொங்கும் சின்னப் பை போதும். தொப்புளுக்கு மேலே இருந்தால் இடுப்பளவு தண்ணீரிலும் நனையாது. எதுவாக இருந்தாலும், ஆழமான இடத்தைக் கடக்கும் முன் இடுப்புக் கொக்கியையும் நெஞ்சுக் கொக்கியையும் அவிழ்த்துவிடுங்கள். தோளில் மட்டும் தொங்கட்டும்.

ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் கனம், உலர நாளாகும். கணுக்கால் வரை மூடிய, அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ஹவாய் செருப்பும், ஒரு பட்டை மட்டும் உள்ள செருப்பும் தண்ணீரில் போகும் முதல் சாமான்கள்.

அறுந்து கொடுக்கும் கண்ணி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சாமானுக்கும் உங்களுக்கும் நடுவே போகும் கயிறு எவ்வளவு வலுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அது உங்கள் பெல்ட்டில் வந்து சேரும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே வலுக்குறைந்த ஒரு வளையத்தைப் போடுங்கள். சாதாரணமாகத் தவறி விழுந்தால் அது தாங்கும். ஆற்று இழுப்போடு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் அந்த வளையம் அறுந்து உங்களை விட்டுவிடும்.

வளையம் எதில் செய்வது? மூன்று பொருள் எனக்கு ஒத்துவந்திருக்கிறது. சின்னச் சாமானுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் வளையம், ஒன்றோ இரண்டோ. நடுத்தரத்துக்கு மெல்லிய தூண்டில் நரம்பில் ஒரு கண்ணி. ராடு, ஊன்றுகோல் மாதிரிப் பெரியவற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் அகல கேபிள் டை. சுமார் 8 கிலோ தாங்கும் என்று அதன் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு குறைந்தபட்சம். நிஜத்தில் அதற்கு மேலும் தாங்கக் கூடும் என்பதால் அட்டையில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பொருள் பெங்களூரில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது: அலுவலக ஐடி கார்டு பட்டை. சில பட்டைகளில் பிடரி பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். பட்டை எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகாமல் தானாக விட்டுக்கொள்வதற்காகவே வைத்தது. அதை வெட்டி எடுத்துக் கயிற்றில் தைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை அறுந்தபின்பும் புதிது போட வேண்டியதில்லை, திரும்பக் 'க்ளிக்' என்று மாட்டிவிடலாம்.

சோதனை செய்ய ஒரு வாளியும் மக்கும் போதும். குளியலறைக் குழாயில் கட்டாதீர்கள், குழாய் பெயர்ந்துவிடும். கதவுக்கு மேலே இருக்கும் கம்பியோ மொட்டைமாடிக் கொடிக்கம்பமோ நல்லது. வளையத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து (நைலான் நனைந்தால் வலு கொஞ்சம் குறையும், ஆற்றில் அது நனைந்துதான் இருக்கும்), கம்பியில் மாட்டி, அதில் காலி வாளியைத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் மக் என்றால் ஒரு மக் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மக்காக மெதுவாக ஊற்றி, எத்தனையாவதில் அறுகிறது என்று எண்ணுங்கள். குறடு, கத்தரி மாதிரிச் சின்னச் சாமானின் வளையம் 2 கிலோவைத் தாங்கி 5 கிலோவுக்குள் அறுந்துவிட வேண்டும். ராடும் ஊன்றுகோலும் 5 கிலோ தாங்கட்டும், 10 கிலோவில் கட்டாயம் விடவேண்டும். முழு வாளியும் தொங்கிக்கொண்டே இருந்தால் அந்த வளையம் வேலைக்கு ஆகாது, இன்னும் மெல்லியதாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் இதைப் பார்த்து என் மகளும் மக் ஊற்ற வந்துவிட்டாள். நாலு வகை வளையத்தை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தோம்.

இதற்கெல்லாம் மேல் ஒரு சின்ன மடக்குக் கத்தி, நெஞ்சுப் பக்கம், எந்தக் கை போனாலும் எட்டும் இடத்தில். அதைத் திறக்க இரண்டு கை தேவைப்பட்டால் வேறு கத்தி வாங்குங்கள்.

ராடும் ரீலும்

ராடு எப்போதும் கையில்தான் இருக்கிறது, பிறகு எதற்குக் கட்டுவது என்று கேட்பார்கள். முள் மாற்றும்போது, மீனைக் கழற்றும்போது, சறுக்கி ஒரு கையை ஊன்றும்போது, இந்த மூன்று நேரத்தில்தான் ராடு போகும். ரீலின் காலுக்கு மேலே, கைப்பிடியைச் சுற்றி ஒரு கயிறு. நீளம் உங்கள் கை நீளத்துக்கு மேல் ஒரு சாண். அதைவிட நீளம் வைத்தால் காலில் சுற்றும். மறுமுனை கேபிள் டை வளையம் வழியாகப் பெல்ட்டில்.

கயிறு அறுந்துவிட்டால்? அதற்குத்தான் மிதவை. நீச்சல் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயில் ஒரு சாண் வெட்டி, ராடின் அடிக் கைப்பிடியில் செருகிவிடுங்கள். என் ராடும் ரீலும் சேர்ந்து அரைக் கிலோ. அதற்கு ஒரு சாண் போதுமாக இருக்கிறது. உங்களுடையதுக்குப் போதுமா என்று ஆற்றில் போய்ப் பார்க்காதீர்கள், வீட்டில் பெரிய டிரம்மில் பாருங்கள். அடிப்பகுதி மேலே மிதந்து, நுனி கீழே தொங்கினால் சரி. நல்ல ஆரஞ்சு நிறத்தில் வாங்கினால் தூரத்திலிருந்து தெரியும். வளையம் அறுவதும் மிதவை தூக்குவதும் சேர்ந்தால்தான் முழு ஏற்பாடு.

இரண்டு துண்டு ராடு என்றால் இணைப்பை மணிக்கு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வீசும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, மேல் துண்டு ஒருநாள் இரையோடு சேர்ந்து பறந்துவிடும். ரீலைப் பிடிக்கும் திருகும் அப்படித்தான்.

குறடு, கத்தரி, முள் பெட்டி

குறடுக்குச் சுருள் கயிறுதான் நல்லது. பழைய டெலிஃபோன் ரிசீவர் வயர் மாதிரி இருப்பது. வேலை செய்யும்போது நீளும், விட்டால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நீளமான நேர்க்கயிறு போட்டால் குறடு முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் ஆடி, எதையாவது பிடித்துக்கொள்ளும். நரம்பு வெட்டும் சின்னக் கத்தரிக்கு ஐடி கார்டு மாட்டும் இழுப்பு உருளையே போதும். அதன் மெல்லிய நூலே அறுந்து கொடுக்கும் கண்ணியாகவும் ஆகிவிடும். ஆனால் குறடின் கனத்தை அந்த ஸ்பிரிங் தாங்காது, அதில் மாட்டாதீர்கள்.

முள் பெட்டி விஷயத்தில் நான் கண்டிப்பு. பெரிய பெட்டியைக் கரையிலேயே வையுங்கள். தண்ணீருக்குள் வருவது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று, அதில் அன்றைக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு முள், கொஞ்சம் ஈயம், இரண்டு தக்கை. பெட்டியின் ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துப் பைக்குள் கட்டுங்கள். உள்ளே மேல்மூடியில் ஒரு துண்டு நுரை ஒட்டிவிட்டால் மூடியிருக்கும் வரை மிதக்கும். திறக்கும்போது பெட்டி நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், மூடி உங்களைப் பார்த்துத் திறக்கட்டும், காற்றடித்தாலும் கவிழாது.

முள்ளைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. என் மாமாவும் அப்படித்தான் செய்வார். ஆற்றில் ஒரு சறுக்கல் போதும், முள் உதட்டில் ஏறிவிடும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ராகி உருண்டை, மைதா உருண்டை, மண்புழு எதுவானாலும் தனி டப்பா, தனிப் பை. இரை இருக்கும் பையில் சாவியும் போனும் வேண்டாம்.

கைவலை

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைவலையை நீளக் கயிற்றில் பின்னால் மிதக்க விடவே கூடாது. திறந்த வலை ஓடும் தண்ணீரில் பாய்மரக் கப்பலின் பாய் மாதிரி. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் விசை நாலு மடங்காகும். ஓரத்தில் லேசாக இழுத்த வலை, நாலடி உள்ளே போனதும் ஆளையே சாய்ப்பது இதனால்தான்.

வலையை முதுகில், கழுத்துக்குக் கீழே, வாய்ப்பகுதி கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். காந்தக் கொக்கி கிடைக்கிறது: ஒரு பாதி சட்டையில், ஒரு பாதி வலையில். பின்னால் கைவிட்டு இழுத்தால் வந்துவிடும், திரும்பக் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்ளும். பிடிக்காத நேரத்தில் வலைத்துணியைச் சுருட்டி ஒரு ரப்பர் வளையத்தில் செருகிவையுங்கள்.

வலைக்கு எலாஸ்டிக் கயிறு மட்டும் போடாதீர்கள். கரையில் முள்செடி வழியாக நடக்கும்போது வலை செடியில் மாட்டிக்கொள்ளும். தெரியாமல் நாலடி நடப்பீர்கள். கயிறு நீண்டு நீண்டு, செடி விட்டதும் மரச்சட்டம் முதுகிலோ பிடரியிலோ வந்து அறையும். கூட வந்த நண்பர் ஒருவருக்கு இப்படி அடிபட்டுத் தோள்பட்டை ஒரு வாரம் வீங்கியிருந்தது. சாதாரணக் கயிறு, ஒரு முழம், அறுந்து கொடுக்கும் கண்ணி. போதும்.

ஊன்றுகோல்

கடையில் வாங்கும் மடக்குக் கோலைவிட மூங்கில் கம்பு எனக்குப் பிடிக்கும். மிதக்கும், மலிவு, முறிந்தால் இன்னொன்று. உயரம் உங்கள் நெஞ்சளவு. மேல்முனையில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, கேபிள் டை வளையம் வைத்துப் பெல்ட்டில் இடுப்பின் பக்கவாட்டில் கட்டுங்கள். ராடு வலது கையென்றால் கோல் இடப்பக்கம். இரண்டு கயிறும் ஒரே பக்கம் வந்தால் பின்னிக்கொள்ளும்.

போன், சாவி, கண்ணாடி

பெங்களூரிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி, கிராமத்து ஆற்றங்கரையில், கார்ச் சாவி தண்ணீரில் போய்விட்டால் அன்றைய நாள் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நடந்தது. மாற்றுச் சாவியைத் தம்பி ஊரிலிருந்து எடுத்துவந்து சேரும்போது இரவு எட்டு மணி. இப்போது எங்கள் வழக்கம், ஒருவர் எப்போதும் கரையில் இருப்பார், எல்லாச் சாவியும் அவரிடம். தனியாகப் போகிறவர் (தனியாக இறங்கவே வேண்டாம் என்பேன்) சாவியை இரட்டை ஜிப் பையில் போட்டு, சட்டைக்குள் தொங்கும் நீர்புகாப் பையில் வைக்கட்டும்.

போனுக்கு வாங்கும் நீர்புகா உறையை நம்புவதற்கு முன், உள்ளே டிஷ்யூ பேப்பர் ஒன்றை மடித்து வைத்து மூடி, வாளியில் மேலே கனம் வைத்து ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் சரி. வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள், மடிப்பில்தான் முதலில் விடும். உறையில் கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடினால் மிதக்கும். போனே தண்ணீர் தாங்கும் வகை என்றாலும் உறை வேண்டும்: தண்ணீர் தாங்குவது ஒன்று, தண்ணீரின் அடியில் கிடக்கும் போனைக் கண்டுபிடிப்பது வேறு.

மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் நூல் கட்டாமல் இறங்காதீர்கள். தொப்பிக்கும் காலரோடு ஒரு கிளிப்.

மீனை இடுப்பில் கட்டாதீர்கள்

பிடித்த கெண்டையையும் ஜிலேபியையும் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலை இருக்கும் ஆற்றில் துடிக்கும் மீனை உடம்போடு கட்டிக்கொள்வது எப்படிச் சரியாகும்? ஒவ்வொரு மீனையும் கரைக்குக் கொண்டுபோய் வையுங்கள். நடை கூடும், கூடட்டும்.

தண்ணீருக்குள் நிற்கும் விதம்

கட்டியது எதுவும் வீணாகாமல் இருக்க நிற்கத் தெரிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைச் சற்றே சாய்வாகப் பார்த்து நில்லுங்கள். கோல் உங்களுக்கு மேல்பக்கம் ஊன்றியிருக்கட்டும். பக்கவாட்டில், ஒரு காலைத் தரையோடு தேய்த்தபடி நகர்த்துங்கள். கோல் அல்லது கால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையலாம். கால்களைக் குறுக்கே போடாதீர்கள். காவிரியில் பாறை நடுவே தண்ணீர் குடைந்த குழிகள் உண்டு. மேலிருந்து தெரியாது, கோல்தான் சொல்லும். முழங்காலுக்கு மேல் ஓட்டம் பலமாக இருந்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

முள் மாற்றுவது, ஈயம் சேர்ப்பது, சிக்கெடுப்பது எல்லாம் முடிந்தவரை கரைக்கு வந்துதான். உள்ளே நின்றே செய்தாக வேண்டுமென்றால் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால், ஓட்டம் ஓய்ந்த இடத்துக்குப் போங்கள். ராடை அக்குளில் இடுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, ஒரு கருவி. அதை மூடி வைத்த பிறகே அடுத்தது.

விழுந்துவிட்டால்

ராடை விடுங்கள், கோலை விடுங்கள், பையின் கொக்கியைத் தட்டுங்கள். மல்லாந்து, கால் இரண்டையும் தூக்கி, ஆறு போகும் திசையில் நீட்டிக்கொண்டு மிதந்து போங்கள். பாறை வந்தால் கால் வாங்கிக்கொள்ளட்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயல வேண்டாம். கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்தபிறகே எழுந்திருங்கள். சாய்ந்த மரக்கிளைகள் எதிரே தெரிந்தால் அதை விட்டு விலகிக் கையடித்து நீந்துங்கள்.

சாமான் மட்டும் விழுந்தது என்றால் பின்னால் பாயாதீர்கள். நின்ற இடத்திலிருந்து அது விழுந்த இடத்தின் நேராக எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கரையேறி, கரை வழியாகக் கீழே போய், ஓட்டம் ஓயும் முதல் மடுவின் ஓரத்தில் தேடுங்கள். மிதக்கும் சாமான் பெரும்பாலும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். மூழ்கிய இரும்புச் சாமானுக்கு ஒரு கம்பின் நுனியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டித் துழாவலாம், ஆழம் முழங்காலுக்குள் இருந்தால் மட்டும். முங்கித் தேடாதீர்கள்.

எண்ணிக்கை, பிறகு வீடு

இறங்கும் முன் உடம்பில் எத்தனை சாமான் என்று எண்ணுங்கள். எனக்குப் பதினொன்று. ஏறியதும் திரும்ப எண்ணுவேன். பத்து வந்தால் கரையிலேயே தெரிந்துவிடும், தேட வெளிச்சம் இருக்கும். வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகளுக்கு ஒரு பழைய ஃபிலிம் டப்பா வைத்திருக்கிறேன், அதுவும் அந்தப் பதினொன்றில் ஒன்று. நைலான் நரம்பு தண்ணீரில் மக்குவதற்கு மனித ஆயுள் பல போதாது. காவிரியில் நீர்நாய்கள் இருக்கின்றன, நீர்க்காகங்கள் இருக்கின்றன, அவற்றின் காலில் சுற்றும். மற்றவர்கள் விட்டுப்போன சிக்கலைக் கண்டாலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கயிறு, சுருள், கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். மணல் ஏறிய ஸ்பிரிங் உருளையை இழுத்து விட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பினால் மாற்றும் நேரம். முடிச்சு ஒவ்வொன்றையும் ஈரக் கையால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். ரப்பர் வளையங்களை மட்டும் நான் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் போடுகிறேன். ஒரு நாள் வெயிலில் கிடந்த ரப்பர் முதல் மக்கிலேயே அறுந்ததை வாளியில் பார்த்திருக்கிறேன்.